நான்காம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன்

முப்பத்தொரு பக்கம்.
பிப்ரவரிக் கடைசியில், புந்தா அரேனாஸில்,
காற்று ஜன்னல் கண்ணாடியை நெட்டித் தள்ளும் அறையில்
வருடாவருடம் அதே கோப்பைத் திறந்து
வருடத்தை மட்டும் மாற்றுவேன்.
கடல் வானிலை, முதல் பருவம். பாடக் கையேடு.
நோக்கங்கள் பன்னிரண்டு. விளைவுகள் பதினெட்டு.
"திறன் பெற்றிருப்பார்" என்று முடியும் வாக்கியங்கள்
கருவாடு போல வரிசையாய்த் தொங்கும்.

இம்முறை ஒரு பிரதியை
எலிசேயோ ஓயார்சுனிடம் கொடுத்தேன்.
போன வருடம் என் பாடத்தில் தேறாதவன்.
துறைமுகத்தில் நண்டுக் கூண்டுகளுக்கு நடுவே நின்றிருந்தான்.
"முழுக்கப் படிக்க வேண்டாம்.
எங்கே நிறுத்துகிறாயோ அங்கே ஒரு கோடு போடு."
தாளின் மூலையைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தான்,
துணிக்கடையில் துணி பார்ப்பதைப் போல.
"கூலி?" என்றான்.
இரண்டு பொட்டலம் மாத்தே இலை என்று முடிவானது.

ஒன்பது நாள் கழித்து வந்தது,
டீசல் வாடையோடு.

முதல் பக்கத்தில் என் பெயர், என் பட்டங்கள்.
ஓரத்தில் பென்சிலால்:
"உங்களுக்குக் கடல் பிடிக்குமா? எழுதவில்லையே."
இரண்டில்
"வளிமண்டல இயக்கவியலின் அடிப்படைகள்" என்பதைச் சுற்றி ஒரு வட்டம்.
"இதுதான் காற்றா?"
மூன்றில் ஒன்றுமில்லை, ஒரு கறை.
நான்கில்,
தாமதமான பணிக்கு நாளொன்றுக்குப் பத்து மதிப்பெண் குறையும்
என்ற வரிக்கு அடியில்
தாள் கிழியும்படி அழுத்திய கோடு.

"ஜூலை. ராஜநண்டுப் பருவம்.
படகு நான்கு நாள் ஒரு தீவின் மறைவில் ஒதுங்கி நின்றது.
காற்று எப்போது தணியும் என்று நான்தான் சொன்னேன்,
உங்கள் மூன்றாம் வாரப் பாடத்தை வைத்து.
சரியாக இருந்தது.
கரைக்கு வந்தால் நாற்பது போயிருந்தது.
யாரிடம் சொல்வது என்று இதில் தேடினேன்.
இங்கே நிறுத்திவிட்டேன்."

மீதி இருபத்தேழு பக்கமும்
அச்சான அன்றுபோல் சுத்தமாக இருந்தன.

அன்று எதுவும் எழுதவில்லை.
தண்ணீரைக் கொதிக்க வைத்தேன்,
அணைத்தேன், திரும்ப வைத்தேன்.
பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே
என் கையெழுத்து: ஆர்வமில்லை.

பிறகு ஒரு வாரம்.
முதல் பக்கத்தில் ஒரு படம்.
காற்று நாளில் நடுத்தெருவில் கட்டும் கயிற்றைப் பிடித்தபடி
சாய்ந்து நிற்கும் மூன்று பேர்.
கீழே: "காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? எப்படிச் சொல்கிறாய்?"
விடையை எங்கும் வைக்கவில்லை.
காற்று என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம்
காற்று என்றே எழுதினேன்.
கூச்சமாக இருந்தது,
கோட்டு இல்லாமல் வகுப்புக்குள் நுழைவது போல.
ஜூலைக்கு நேரே:
"நண்டுக்குப் போகிறவர்கள் போகலாம்.
படகில் கணித்ததையும் நடந்ததையும் எழுதி வந்தால் அதுவே தேர்வு."
நான்காம் பக்கத்தில் என் தொலைபேசி எண்.

கடல் பிடிக்குமா என்பதற்கு
மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன்.
கடைசியில் உள்ளதைச் சொன்னேன்:
படகில் ஏறினால் வாந்தி எடுப்பேன்.
அதனால் கரையில் நின்று படிக்கத் தொடங்கினேன்.

துறைத் தலைவர் ஓதிலியா கேட்டார்,
"பதினெட்டு விளைவுகளும் எங்கே?"
பின்னிணைப்பில், பொடி எழுத்தில்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எண்ணினார். பதினேழுதான்.
இன்னொன்று வேண்டும் என்றார். சேர்த்தேன்:
"எங்கே நிறுத்தினார் என்பதைச் சொல்லும் திறன் பெற்றிருப்பார்."
படிக்காமலே கையெழுத்திட்டார்.

மார்ச். இருபத்து மூன்று பேர்.
எலிசேயோ சேரவில்லை. எங்கோ தெற்கே இருப்பதாகச் சொன்னார்கள்.
கடைசி வரிசையில் ஒருத்தி
படத்தைப் பக்கவாட்டில் திருப்பி,
"ஆளைப் பார்க்காதே, கயிற்றைப் பார்" என்று
பக்கத்திலிருப்பவளிடம் சண்டை பிடித்தாள்.
ஜன்னலோரம் ஒருவன்
கையேட்டை நான்காய் மடித்து
ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில் செருகினான்.
சண்டை வலுத்தபோது
குனிந்து அதை வெளியே இழுத்தான்.

மேசை மறுபடி ஆடத் தொடங்கியது.